கன்சோல் கேள்வி–பதில்: நிரல் ஓடுகிறது, கோப்பு எங்கே?

போன இதழில் நட்எக்ஸ் (சின்னக் கருவிகளுக்கான ஓர் இயங்குதளம்) பற்றி நாலே வரி எழுதியிருந்தேன். பதிலுக்கு வந்த கடிதங்கள் ஒரு பை நிறைய. எல்லாமே சுற்றிச்சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: சின்ன போர்டில் ஷெல், அதாவது கட்டளை தட்டும் இடம், வந்துவிட்டது, இனி அதில் நிரலை எப்படி ஓட்டுவது? அதனால் இந்த மாதம் முழுக்க அதுவே. கட்டளைகளை நாம் வாயால் சொல்வதுபோல் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எஸ்டிஎம்32 போர்டில் நட்எக்ஸ் ஏற்றிவிட்டேன் மேடம், ஷெல்லும் வருகிறது. லினக்ஸில் செய்வதுபோல் ஹெல்லோ நிரலை ஜிசிசியில் கம்பைல் செய்து வைத்திருக்கிறேன். அந்தக் கோப்பைப் போர்டில் எந்த ஃபோல்டரில் வைக்க வேண்டும்? பெயரைத் தட்டினால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்கிறது. — பொறியியல் மாணவர், திண்டுக்கல்

எங்கேயும் வைக்க வேண்டாம், தம்பி. வைக்க இடமும் இல்லை.

ஷெல் லினக்ஸ் ஷெல்போலவே இருப்பதுதான் உங்களை ஏமாற்றுகிறது. எல்எஸ் இருக்கிறது, சிடி இருக்கிறது, கேட் இருக்கிறது. அதனால் ஒரு பெயரைத் தட்டினால் டிஸ்க்கில் எங்கோ கிடக்கும் கோப்பைத் தேடி எடுத்து ஓட்டும் என்று மனசு தானாக நினைத்துக்கொள்கிறது. உங்கள் போர்டில் டிஸ்க்கே கிடையாது. ஃப்ளாஷில், அதாவது பவர் போனாலும் அழியாத நினைவகத்தில், இருப்பது ஒரே ஒரு இமேஜ். கர்னல், டிரைவர், ஷெல், பயன்பாடுகள் எல்லாவற்றையும் கம்பைல் செய்யும்போதே ஒன்றாகத் தைத்து அனுப்பிய ஒரே துணி அது. ஓட்டல் வாசல் பலகையில் உள்ளே ஏற்கெனவே தயாராக இருக்கும் பலகாரத்தின் பெயரைத்தான் எழுதியிருப்பார்கள். நீங்கள் வீட்டிலிருந்து தூக்குவாளியில் கொண்டுபோய் 'இதைப் பரிமாறுங்கள்' என்றால் சர்வர் முழிப்பார். உங்கள் ஷெல்லும் அப்படித்தான் முழித்திருக்கிறது.

ஆக, பலகாரம் உள்ளே சமைக்கப்பட வேண்டும். நட்எக்ஸ் மூலத்தோடு 'ஆப்ஸ்' என்று இன்னொரு ஃபோல்டர் இறக்கியிருப்பீர்கள். அதில் 'எக்ஸாம்பிள்ஸ்' அடியில் ஹெல்லோ என்று ஒன்று இருக்கும். அதை அப்படியே நகலெடுத்து உங்கள் பெயரை வையுங்கள். உள்ளே நாலு கோப்புதான் முக்கியம்: சி மூலம், மேக்ஃபைல், மேக்.டெஃப்ஸ், கேகான்ஃபிக். நாலிலும் ஹெல்லோ என்று இருக்கும் இடத்தில் எல்லாம் உங்கள் பெயர் வர வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால் சில சமயம் எந்தப் பிழையும் சொல்லாமல் கம்பைல் ஆகும், ஷெல்லில் மட்டும் பெயர் வராது. அப்புறம் மெனுகான்ஃபிக் என்ற அமைப்புத் திரையைத் திறந்து உங்கள் பயன்பாட்டில் டிக் போடுங்கள், மேக் கொடுங்கள், ஃப்ளாஷ் பண்ணுங்கள். போர்டில் ஹெல்ப் தட்டினால் வரும் பட்டியலின் அடியில் 'பில்ட்இன் ஆப்ஸ்' என்ற தலைப்பின்கீழ் உங்கள் பெயர் இருக்கும்.

திரைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள், குழப்பம் தீரும். மேக் முடிந்ததும் ஆப்ஸ் ஃபோல்டருக்குள் 'பில்ட்இன்' என்ற உள்ஃபோல்டரில் ஒரு பட்டியல் கோப்பு உருவாகியிருக்கும். அதில் உங்கள் நிரலுக்கு ஒரே ஒரு வரி. அந்த வரியில் நாலு விஷயம்: பெயர், முன்னுரிமை, ஸ்டாக் (ஓடும்போது நிரல் தற்காலிகமாக எழுதிக்கொள்ளும் நினைவகம்) அளவு, ஃபங்ஷன். ஹெல்லோவுக்கு அது 'ஹெல்லோ, 100, 2048, ஹெல்லோ_மெயின்' என்கிற மாதிரி இருக்கும். நீங்கள் எழுதியது மெயின் தானே, ஹெல்லோ_மெயின் எங்கிருந்து வந்தது? ஒரே இமேஜுக்குள் பத்து பயன்பாடு இருந்தால் பத்து மெயின் இருக்க முடியாது. அதனால் கம்பைல் ஆகும்போதே ஒவ்வொரு மெயினுக்கும் சொந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். ஷெல் செய்வதெல்லாம் இந்தப் பட்டியலில் பெயரைத் தேடி, அந்த முன்னுரிமையும் ஸ்டாக்கும் கொடுத்து, அந்த ஃபங்ஷனைப் புது டாஸ்க்காக, அதாவது தனியாக ஓடும் ஒரு வேலையாக, கிளப்பிவிடுவதுதான். கோப்பு என்று எதுவும் எங்கும் இல்லை.

எஸ்டி கார்டிலிருந்து நிரலை ஏற்றி ஓட்டவே முடியாதா என்றால், முடியும். ஈஎல்எஃப் லோடரை (நிரல் கோப்பை நினைவகத்தில் ஏற்றும் பகுதி) இயக்கி, கர்னலின் ஃபங்ஷன் பெயர்கள் அடங்கிய சிம்பல் டேபிளையும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஆனால் அதற்கு ரேம் வேண்டும், பொறுமையும் வேண்டும். முதலில் ஹெல்லோ ஓடட்டும்.

யூஎஸ்பி சீரியல் கேபிள் போட்டு மினிகாம் என்ற டெர்மினல் நிரலில் பார்க்கிறேன். போர்டு பேசுவது எல்லாம் அழகாகத் திரையில் வருகிறது. நான் தட்டுவது மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. போர்டு போய்விட்டதா? — ஓசூர் வாசகர்

போகவில்லை. மினிகாமில் கண்ட்ரோல்-ஏ, அடுத்து ஓ. சீரியல் போர்ட் அமைப்புக்குள் போனால் 'ஹார்ட்வேர் ஃப்ளோ கண்ட்ரோல்: யெஸ்' என்று நிற்கும். எஃப் தட்டி 'நோ' ஆக்குங்கள். உங்கள் கேபிளில் டிஎக்ஸ் (அனுப்ப), ஆர்எக்ஸ் (வாங்க), கிரவுண்ட் மூன்று கம்பிதானே. வராத நாலாவது கம்பியில் சிக்னலுக்காக மினிகாம் காத்துக்கொண்டிருக்கிறது. இதற்காகப் போர்டை மாற்றியவர்களை எனக்குத் தெரியும். அதற்கும் சரியாகவில்லை என்றால் உங்கள் டிஎக்ஸ் கம்பியைப் பாருங்கள். கேபிள் 3.3 வோல்ட் வகைதானா என்பதையும் கூடவே பார்த்துவிடுங்கள்.

என் நிரலில் கவுண்ட் என்று ஒரு குளோபல் மாறி. பூஜ்யத்தில் தொடங்கி 10 வரை எண்ணி முடிகிறது. முதல் தடவை சரியாக ஓடுகிறது. அதே பெயரை மறுபடி தட்டினால் எதுவும் செய்யாமல் உடனே முடிந்துவிடுகிறது. ரீசெட் அழுத்தினால் மறுபடி ஒரே ஒரு தடவை ஓடுகிறது. — சென்னை வாசகி

இந்த மாதம் வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ரீசெட்டையும் சேர்த்துச் சோதித்திருக்கிறீர்களே, பதிலில் பாதி அங்கேயே இருக்கிறது.

திண்டுக்கல் தம்பிக்குச் சொன்னதை ஒருமுறை படியுங்கள். லினக்ஸில் நிரலை ஓட்டும்போதெல்லாம் கோப்பிலிருந்து புதிதாக நினைவகத்துக்கு வருகிறது, மாறிகளும் புதிதாக ஆரம்ப மதிப்போடு வருகின்றன. உங்கள் போர்டில் கவுண்ட் என்பது மொத்த இமேஜுக்கும் பொதுவான ரேமில் ஒரு நிரந்தர முகவரி. அதற்குப் பூஜ்யம் போடுவது போர்டு பூட் ஆகும்போது ஒரே ஒரு முறை. முதல் ஓட்டம் அதை 10-ல் விட்டுவிட்டுப் போனது. இரண்டாவது ஓட்டம் வந்து பார்க்கிறது, 10 இருக்கிறது, சரி வேலை முடிந்தது என்று திரும்பிப் போகிறது. நிரல் சொன்னதைத்தான் செய்கிறது.

தீர்வு ஒரு வரி: மெயினுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக கவுண்டுக்கு நீங்களே பூஜ்யம் போடுங்கள். அறிவிக்கும் இடத்தில் போட்ட பூஜ்யத்தை நம்பாதீர்கள். இல்லையென்றால் மாறியை மெயினுக்குள்ளேயே வையுங்கள். ஒரே பயன்பாட்டை இரண்டு தடவை ஒரே நேரத்தில் ஓட்டினால் இரண்டும் அதே கவுண்டைப் பிடித்து இழுக்கும் என்பதும் இதிலிருந்தே புரியும்.

இதே குடும்பத்துச் சங்கடம் இன்னொன்று. மெலாக் செய்து வாங்கிய நினைவகத்தை ஃப்ரீ பண்ணாமல் நிரல் முடிந்தால் லினக்ஸ் பெருக்கி எடுத்துக்கொள்ளும். எல்லாம் ஒரே இமேஜாக இருக்கும் இந்த அமைப்பில் யாரும் பெருக்க வர மாட்டார்கள். ஷெல்லில் ஃப்ரீ என்று தட்டிப் பாருங்கள் (மீதி நினைவகத்தைக் காட்டும் கட்டளை அது), உங்கள் நிரலை ஓட்டுங்கள், மறுபடி ஃப்ரீ தட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் மீதி குறைந்துகொண்டே வந்தால் கசிவு எங்கே என்று தேட வேண்டியது நீங்கள்தான்.

நிரலை ஓட்டியதும் ஷெல் திரும்பி வருவதில்லை. கண்ட்ரோல்-சி அடித்தாலும் நிற்கவில்லை. பவரைப் பிடுங்குவதைத் தவிர வழியே இல்லையா? — கோவை, ஒரு சிறு தொழிற்சாலையிலிருந்து

நிரல் முடியும்வரை ஷெல் காத்திருக்கிறது, அதுதான் விஷயம். பெயருக்குப் பின்னால் ஓர் இடம் விட்டு & போட்டு ஓட்டுங்கள். 'ஹெல்லோ [7:100]' என்கிற மாதிரி ஒரு வரி வந்து ஷெல் உங்கள் கைக்கு வந்துவிடும். 7 டாஸ்க் எண், 100 முன்னுரிமை. பி.எஸ் தட்டினால் எல்லா டாஸ்க்கையும் பார்க்கலாம், கில் -9 போட்டு எண்ணைக் கொடுத்தால் நிறுத்தலாம். ஆனால் கில்லை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டை (பொதுவான ஒன்றை ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டுமே தொட வைப்பது) பிடித்துக்கொண்டிருக்கும் டாஸ்க்கைக் கொன்றால் அந்தப் பூட்டைத் திறக்க ஆளிருக்காது. கண்ட்ரோல்-சி வேலை செய்ய கான்ஃபிக்கில் தனியாக ஒரு டிக் உண்டு, உங்களிடம் அது இல்லை.

இந்த விஷயத்தில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஒரு தொலைத்தொடர்புக் கருவி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அங்கே விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற இயங்குதளம். அதன் பழைய ஷெல் விசித்திரமானது: கட்டளை என்று தனியாக ஒன்று கிடையாது, இமேஜில் இருக்கிற எந்த சி ஃபங்ஷனின் பெயரைத் தட்டினாலும் அதைக் கூப்பிடும். வேலை முடிந்ததும் 'வேல்யூ = 0 = 0x0' என்று திரும்பிய எண்ணைக் காட்டும். வசதிதான். ஆனால் வெறும் பெயரைத் தட்டினால் அது ஷெல்லின் சொந்த டாஸ்க்குக்குள்ளேயே ஓடும். ஷெல்லின் முன்னுரிமை 1. விஎக்ஸ்வொர்க்ஸில் எண் சிறியதாக இருந்தால்தான் முன்னுரிமை பெரியது; 0 உச்சம், 255 கடைசி. நட்எக்ஸில் தலைகீழ், எண் பெரிதானால் முன்னுரிமையும் பெரிது. இரண்டிலும் வேலை செய்கிறவர்கள் மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டிக்கொள்வது நல்லது.

ராத்திரி பதினொன்றரை இருக்கும். வாடிக்கையாளர் இடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு நெட்வொர்க் ஸ்விட்சில் லிங்க் நிலையைச் சோதிக்கும் ஃபங்ஷனைத் தட்டினேன். உள்ளே ஒரு முடிவில்லா லூப், நடுவில் ஒரு டிலே கூடக் கிடையாது. முன்னுரிமை 1-ல் அது சுற்ற ஆரம்பித்ததும் கீழே இருந்த எல்லா டாஸ்க்கும் மூச்சடைத்து நின்றது. பதறிப்போய் கண்ட்ரோல்-சி அடிக்கப் போனேன். அடித்தால் ஷெல் மட்டும் புதிதாகத் தொடங்கியிருக்கும், பிழைத்திருப்பேன். கை நடுங்கி பக்கத்துச் சாவியில் விழுந்தது. கண்ட்ரோல்-எக்ஸ். விஎக்ஸ்வொர்க்ஸில் அதற்கு ரீபூட் என்று அர்த்தம்! திரையில் பூட் கவுண்ட்டவுன் ஓடியபோது என் பக்கத்தில் நின்றிருந்த சீனியர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, 'எஸ்பி போடு' என்று மட்டும் சொன்னார்.

எஸ்பி என்றால் ஸ்பான். பெயருக்கு முன்னால் எஸ்பி சேர்த்தால் ஷெல் தன் தலைமேல் போட்டுக்கொள்ளாமல் முன்னுரிமை 100-ல் புது டாஸ்க் ஒன்றைக் கிளப்பும். உங்கள் & செய்வதற்கு அது அண்ணன் முறை. அன்றிலிருந்து எந்த ஷெல்லில் எதைத் தட்டினாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது, இது யாருடைய டாஸ்க்கில் ஓடப்போகிறது, எந்த முன்னுரிமையில், யாருடைய ஸ்டாக்கில் என்பதைத்தான்.

ஸ்டாக் என்றதும் ஞாபகம் வருகிறது: உங்கள் கடிதத்தோடு வந்த மூலத்தில் ஒரு ஃபங்ஷனுக்குள் 4096 பைட் பஃபர் ஒன்று அறிவித்திருக்கிறீர்கள். மேக்ஃபைலில் ஸ்டாக் 2048 என்று இருக்கிறது. இரண்டு படி அரிசியை ஒரு படிப் பாத்திரத்தில் கொட்டியிருக்கிறீர்கள். வழிந்த அரிசி பக்கத்து டாஸ்க்கின் நினைவகத்தில் கிடக்கிறது, நடுவில் தடுப்புச் சுவர் கிடையாது. ஒருவேளை நிரல் நிற்காததற்கே அதுதான் காரணமோ என்னவோ. ஸ்டாக் கலரேஷன் என்ற விருப்பத்தை இயக்கினால் ஒவ்வொரு டாஸ்க்கும் அதிகபட்சம் எவ்வளவு ஸ்டாக் தின்றது என்று பி.எஸ் காட்டும். முதலில் அதைப் பாருங்கள்.

1997-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் அடிக்கடி ரீசெட் ஆனபோது, பூமியிலிருந்தே அதன் விஎக்ஸ்வொர்க்ஸ் ஷெல்லில் கட்டளை தட்டிச் சரிசெய்தார்கள் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். உண்மையா? — மதுரை மாணவி

முக்கால்வாசி உண்மை. அந்தக் கால்வாசிதான் சுவையான பகுதி, அது நடக்கவில்லை.

1997 ஜூலை 4 அன்று இறங்கியது. சில நாள் கழித்து ரீசெட் தொடங்கியது. காரணம் முன்னுரிமை தலைகீழாவது: தாழ்ந்த முன்னுரிமை கொண்ட வானிலை டாஸ்க் ஒரு பூட்டைப் பிடித்திருக்கிறது. அதே பூட்டுக்காக உயர்ந்த முன்னுரிமை கொண்ட பஸ் (கருவிக்குள் தகவல் போகும் பொதுப் பாதை) மேலாண்மை டாஸ்க் காத்திருக்கிறது. நடுத்தர முன்னுரிமை டாஸ்க்குகள் இடையில் புகுந்து வானிலை டாஸ்க்கை ஓடவிடாமல் செய்ததால் பூட்டு திறக்கவே இல்லை. பஸ் வேலை நேரத்துக்கு முடியவில்லை என்று கண்டதும் மென்பொருளே மொத்தத்தையும் ரீசெட் செய்தது. பூட்டைப் பிடித்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் வசதி விஎக்ஸ்வொர்க்ஸில் இருந்தது, அந்தப் பூட்டுக்கு அது அணைந்திருந்தது. அதை இயக்கியதும் பிரச்சினை போனது. இது எல்லாம் சரி.

ஷெல்லில் தட்டி மாற்றினார்கள் என்ற கதை பின்னாளில் பரவியது. பறப்பு மென்பொருள் குழுவுக்குத் தலைமை வகித்த கிளென் ரீவ்ஸ் அதைத் திருத்தி எழுதினார். விண்கலத்தில் ஷெல் இருந்தது, பயன்படுத்தவும் முடியும். ஆனால் திருத்தம் போனது அந்த வழியில் இல்லை. மேலே இருக்கும் பிரதிக்கும் பூமியில் இருக்கும் திருத்திய பிரதிக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்பி, பல சரிபார்ப்புகளுக்குப் பின் விண்கலத்தில் இருந்த தனி மென்பொருளே அதை மாற்றியது. கண்ட்ரோல்-எக்ஸ் அடித்த அனுபவம் உள்ளவள் என்ற முறையில் சொல்கிறேன், அதுதான் சரியான முடிவு. உங்கள் பேராசிரியரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

எங்கள் நிறுவனம் செய்யும் கண்ட்ரோலரில் சர்வீஸ் வசதிக்காக ஷெல்லைத் திறந்தே அனுப்பச் சொல்கிறார் மேலாளர். நெட்வொர்க் வழியாக ஷெல்லுக்குள் நுழையும் டெல்நெட்டும் உண்டு. எனக்குப் பயமாக இருக்கிறது. — பெயர் வெளியிட வேண்டாம்

பயம் நியாயமானது. மேலாளருக்கு 2016-ல் வந்த மிராய் என்ற தீய நிரலின் கதையைச் சொல்லுங்கள். இணையத்தில் திறந்து கிடந்த டெல்நெட் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது அது. கையில் இருந்தது அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்–பாஸ்வேர்ட் ஜோடிகள், அவ்வளவுதான். உள்ளே நுழைந்ததும் அது ஒரு சின்னச் சோதனை செய்யும்: பிஸிபாக்ஸைக் கூப்பிட்டு 'மிராய்' என்ற பெயரில் ஒரு கட்டளையை ஓட்டச் சொல்லும். அப்படி ஒன்று இல்லாததால் 'மிராய்: ஆப்லெட் நாட் ஃபவுண்ட்' என்று பதில் வரும். அந்தப் பதில் வந்தால் இது நிஜ ஷெல்தான் என்று உறுதி.

பிஸிபாக்ஸ் தெரியாதவர்களுக்கு: சின்ன லினக்ஸ் கருவிகளில் எல்எஸ், பி.எஸ், கில் எல்லாம் தனித்தனி நிரல்கள் போலத் தோன்றும், நிஜத்தில் அத்தனையும் பிஸிபாக்ஸ் என்ற ஒரே நிரல். எந்தப் பெயரில் கூப்பிடுகிறீர்களோ அந்த வேஷம் கட்டிக்கொள்ளும். டெபியன் நிறுவும் ஃப்ளாப்பியில் இடம் போதாமல் புரூஸ் பெரன்ஸ் 1990-களின் நடுவில் ஆரம்பித்தது.

என் கருத்து: டெல்நெட் வேண்டவே வேண்டாம், இதில் பேரமில்லை. பெட்டியைத் திறந்தால் மட்டும் எட்டும் சீரியல் முனையில் ஷெல் இருக்கட்டும், லாகின் கேட்கட்டும், ஒவ்வொரு கருவிக்கும் வேறு பாஸ்வேர்ட் இருக்கட்டும். நட்எக்ஸ் ஷெல்லில் நினைவகத்தை நேரடியாக எழுதும் எம்.பி, எம்.ஹெச், எம்.டபிள்யூ போன்ற கட்டளைகளைக் கான்ஃபிக்கில் தனித்தனியாக எடுத்துவிடலாம், எடுத்துவிடுங்கள். ஷெல்லையே நீக்கச் சொல்பவர்களும் உண்டு. நள்ளிரவில் தூரத்து ஊரில் நின்றுபோன கருவிமுன் உட்கார்ந்த அனுபவம் அவர்களுக்கு இல்லை என்று நினைக்கிறேன்.

போர்டு வாங்கக் காசில்லை. பழைய லேப்டாப்பில் உபுண்டு மட்டும் இருக்கிறது. கற்றுக்கொள்ள வழி உண்டா? — தென்காசி, பாலிடெக்னிக் மாணவர்

தாராளமாக. நட்எக்ஸை லினக்ஸின் ஒரு சாதாரண நிரலாகவே கட்டி ஓட்டலாம், சிமுலேட்டர் என்று பெயர். நட்எக்ஸ், ஆப்ஸ் இரண்டு ஃபோல்டரையும் பக்கத்தில் பக்கத்தில் இறக்குங்கள். இரண்டாவதின் பெயர் 'ஆப்ஸ்' என்றே இருக்கட்டும், அந்தப் பெயரில்தான் தேடும். நட்எக்ஸ் ஃபோல்டருக்குள் போய் 'டூல்ஸ்' அடியில் உள்ள கான்ஃபிகர் ஸ்கிரிப்டுக்கு 'சிம்:என்எஸ்ஹெச்' என்று கொடுங்கள், அப்புறம் மேக். முடிந்ததும் அதே ஃபோல்டரில் நட்எக்ஸ் என்றொரு கோப்பு வரும், அதை ஓட்டினால் ஷெல் வந்து நிற்கும். சென்னை வாசகியின் கவுண்ட் சோதனையை அங்கேயே செய்து பார்க்கலாம், இரண்டாம் தடவை அதே மாதிரி நழுவும். வெளியே வர டெர்மினலை மூட வேண்டாம், பவர்ஆஃப் என்று தட்டினால் போதும்.